தண்ணீர் 72 காட்டுகிறதா? பரப்பு இழுவிசை: வாசகர் கேள்வி – பதில்

வேதிப்பொருள் கரைந்த நீரின் பரப்பு இழுவிசையை (பரப்பைச் சுருங்கவைக்கும் விசையை) அளப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். தலைப்பில் உள்ள 72, 25 டிகிரியில் தூய நீருக்குரிய மதிப்பு. கீழே ‘அலகு’ என்று வரும் இடமெல்லாம் மில்லிநியூட்டன்/மீட்டர். பழைய நூல்களில் வரும் டைன்/செ.மீ. மதிப்பும் இதே எண்தான்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் பரப்பு இழுவிசையை அளக்கும் டென்சியோமீட்டர் கிடையாது. நல்ல மின்னணுத் தராசு இருக்கிறது. சோப்புப் போன்ற சோடியம் டோடெசைல் சல்பேட் (எஸ்.டி.எஸ்.) கரைசலைப் பல செறிவுகளில் அளந்து வரைபடம் போட வேண்டும். பியூரெட்டில் துளிகளை எண்ணினால் போதுமா?

பதில்: எண்ணிக்கை வேண்டாம், எடை போடுங்கள். தராசு கையில் இருந்தால் துளி எடை முறை, விலை உயர்ந்த கருவிக்கு மிக அருகில் வரும். ஆனால் பியூரெட் முனை இதற்கு ஆகாது. அது கீழ்நோக்கிக் குறுகுவதால் நீர் வெளிச்சுவரில் ஏறிக்கொள்ளும். துளி எந்த வட்டத்திலிருந்து தொங்குகிறது என்பதே தெரியாமல் போகும்.

வெளிவிட்டம் 4 மி.மீ., உள்துளை அரை மி.மீ.க்குள் இருக்கும் தடித்த கண்ணாடி நுண்குழாயை எடுத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, ஈரமான நுண்ணிய உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயர்ந்திருக்கக் கூடாது. நீர் தட்டை முகம் முழுவதும் பரவி, வெளிவிளிம்பில் வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் கணக்கில் வெளி ஆரத்தைப் போட முடியும். விட்டத்தை நகரும் நுண்ணோக்கியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். ஆரத்தில் ஒரு சதவீதப் பிழை, விடையிலும் கிட்டத்தட்ட ஒரு சதவீதமாக வந்து சேரும்.

குழாயைக் கண்ணாடி சிரிஞ்சோடு டெஃப்லான் குழாயால் இணையுங்கள். ரப்பரும் பி.வி.சி.யும் வேண்டாம். அவற்றிலிருந்து கசியும் நெகிழ்வூட்டிகள் நீரின் பரப்பில் வந்து உட்கார்ந்துவிடும். முனை தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் நேராக நிற்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். துளிகளைப் பிடிக்க மூடியுள்ள எடைக்குப்பி ஒன்று வேண்டும். மூடியில் முனை நுழையும் அளவுக்கு ஓட்டை போதும். குப்பியில் முன்கூட்டியே சில மில்லிலிட்டர் நீர் விட்டு வைத்தால் உள்ளே ஈரம் நிறைந்து, துளிகள் ஆவியாவது குறையும்.

துளியை வளர்ப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதல் துளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு துளி விழும்போது தொங்கிய நீர் முழுவதும் விழுவதில்லை. கழுத்து மெலிந்து அறுபட, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முனையிலேயே தங்கிவிடும். அடுத்த துளி அந்த மிச்சத்தின் மேல்தான் வளரும். இந்த முனையில் தூய நீர்த்துளி சுமார் 0.060 மில்லி. ஆகவே தூய நீருக்கு 0.054 மில்லி வரை சிரிஞ்சைச் சற்று வேகமாகத் தள்ளலாம். எஸ்.டி.எஸ். கரைசலில் துளி சிறுக்கும், அங்கே அந்தத் துளியின் பத்தில் ஒன்பது பங்கு வரை மட்டும். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, கடைசிப் பங்கை அரை நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெல்லத் தள்ளுங்கள். அந்தக் காத்திருப்பில்தான் எஸ்.டி.எஸ். மூலக்கூறுகள் புதிய பரப்பை வந்து நிறைக்கின்றன. இப்படி 20 துளி சேர்த்து எடை போட்டு 20ஆல் வகுத்துவிடலாம்.

கரைசலுக்கு: 2.884 கிராம் எஸ்.டி.எஸ்.ஸை 250 மில்லியில் கரைத்தால் 40 மில்லிமோலார் கிடைக்கும். குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்கவும். நுரை எழுந்தால் பொருள் நுரையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அது அடங்கும்வரை பிப்பெட்டைத் தொடாதீர்கள். இதிலிருந்து 0.5, 1, 2, 3, 4, 5, 6, 7, 7.5, 8, 8.5, 9, 10, 12, 16 மில்லிமோலார் என நீர்த்துக்கொள்ளுங்கள். 8 மில்லிமோலார் வேண்டுமானால் 20 மில்லியை 100 ஆக்கினால் சரி. நீர்த்ததில் தொடங்கி அடர்ந்ததை நோக்கிப் போங்கள். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சையும் குழாயையும் அடுத்த கரைசலாலேயே மூன்று தடவை அலச வேண்டும். அறை மிகவும் குளிர்ந்தால் அடர்ந்த கரைசலில் எஸ்.டி.எஸ். வெண்படிகமாக இறங்கிவிடும். 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்திருப்பது நல்லது.

இனி கணக்கு. 1864இல் டேட் சொன்ன விதிப்படி துளியின் எடை = 2 × 3.1416 × ஆரம் × பரப்பு இழுவிசை. 2 மி.மீ. ஆரத்துக்கு 25 டிகிரியில் தூய நீர்த்துளி 92 மில்லிகிராம் இருக்க வேண்டும். உண்மையில் விழுவது சுமார் 60தான், காரணம் மேலே சொன்ன மிச்சம். ஹார்க்கின்ஸ், பிரவுன் இருவரும் 1919இல் இதற்கான திருத்த அட்டவணையைத் தந்தார்கள். துளியின் கன அளவின் கனமூலத்தால் ஆரத்தை வகுக்க வேண்டும். அந்த விகிதம் 0.5 என்றால் காரணி 0.6515, 0.6 என்றால் 0.6250, 0.7 என்றால் 0.6093. கிடைத்த எடையை 2 × 3.1416 × ஆரத்தால் வகுத்து, இந்தக் காரணியாலும் வகுத்தால் சரியான விடை வந்துவிடும். துளியின் எடை கையில் இருப்பதால் கன அளவும் தெரியும். ஊகித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டிய தேவை இல்லை.

கேள்வி: ஒரே எஸ்.டி.எஸ். கரைசலுக்குத் துளி முறையில் 37.3, வளைய முறையில் 40.6 அலகு வருகிறது. இரண்டையும் தூய நீரை வைத்துத்தான் அளவுத்திருத்தம் செய்தோம். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் உங்கள் கரைசலின் உண்மையான மதிப்பு 39.0ஆக இருக்கும். ஒரு முறை கீழே இழுத்திருக்கிறது, மற்றது மேலே தள்ளியிருக்கிறது. நீரை வைத்து ஒரு பெருக்கு எண்ணைக் கண்டுபிடித்து, அதையே எல்லாக் கரைசலுக்கும் போட்டதுதான் கோளாறு.

துளி முறையை எடுத்துக்கொள்வோம். 2 மி.மீ. ஆரமுள்ள முனையில் நீருக்கு விகிதம் 0.51, காரணி 0.648. 39 அலகுள்ள கரைசலில் துளி 31.0 மில்லிகிராமாகச் சிறுத்துவிடுகிறது. விகிதம் 0.64 ஆகிறது, காரணி 0.619க்கு இறங்குகிறது. எடைகளின் விகிதத்தை மட்டும் வைத்து 31.0 ÷ 59.8 × 72.0 என்று போட்டால் 37.3தான் வரும்.

வளையத்தில் கதை வேறு திசையில் போகிறது. அந்த முறையில், கரைசலில் அமிழ்த்திய வளையத்தை மேலே இழுக்கத் தேவைப்படும் விசையை அளக்கிறோம். வழக்கமான பிளாட்டினம் வளையத்தின் ஆரம் 9.545 மி.மீ., கம்பியின் ஆரம் 0.185 மி.மீ. இந்த வளையம் தூய நீரில் திருத்தம் இல்லாமல் 77 காட்டும். வளையம் தன்னோடு தூக்கும் நீரின் எடையும் அதில் சேர்ந்திருக்கிறது. 1941இல் சூய்டெமா, வாட்டர்ஸ் தந்த சமன்பாட்டின்படி இதற்குக் காரணி 0.935, பெருக்கினால் 72.0. அதே வளையம் 39 அலகுள்ள கரைசலில் 43.4 காட்டும். அங்கே காரணி 0.899. நீங்கள் அங்கேயும் 0.935ஐப் போட்டதால் 40.6 வந்துவிட்டது. ஒவ்வோர் அளவுக்கும் அதற்குரிய காரணியைத் தனியே கணக்கிடுங்கள். இரண்டு முறைகளும் 39இல் வந்து சந்திக்கும். கருவியில் திருத்தம் தானாக நடக்கிறது என்றால், எந்தச் சமன்பாடு, எந்த அடர்த்தி உள்ளே பதிந்திருக்கிறது என்பதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வளையத்தில் இன்னொன்று. படலம் அறுபடும் கணத்து விசையை எடுக்கக் கூடாது. அதற்குச் சற்று முன் வரும் உச்ச விசைதான் நமக்கு வேண்டியது. வளையம் 1 டிகிரி சாய்ந்தாலே அரை சதவீதம் போய்விடும். வளைந்த வளையத்தை விரலால் நிமிர்த்த முயலாதீர்கள், தட்டையான கண்ணாடிமேல் வைத்து ஒளி புகுகிறதா என்று பாருங்கள்.

சர்ஃபாக்டன்ட் (எஸ்.டி.எஸ். போலப் பரப்பில் சேர்ந்து இழுவிசையைக் குறைக்கும் பொருள்) கரைசலுக்கு எங்கள் பரிந்துரை வில்ஹெல்மி தகடு. மெல்லிய தகட்டைக் கரைசல் கீழே இழுக்கும் விசையை இதில் அளக்கிறோம். தகட்டின் கீழ்விளிம்பு நீர்மட்டத்திலேயே நிற்கிறது. தூக்கிய நீருக்கென்று திருத்தம் தேவையில்லை, பரப்பை இழுத்துக் குலைப்பதும் இல்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: தகட்டு முறையில் காய்ச்சி வடித்த நீரே 66தான் காட்டுகிறது. வெப்பநிலை காரணமாக இருக்குமா?

பதில்: இருக்காது. நீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரியில் 72.8, 25இல் 72.0, 30இல் 71.2. டிகிரிக்கு சுமார் 0.16 அலகுதான் குறையும். 35 டிகிரி அறையில்கூட 70க்குக் கீழே இறங்காது. 66 என்றால் இரண்டில் ஒன்று: தகடு முழுமையாக நனையவில்லை, அல்லது நீரின் பரப்பு அழுக்கு. இதைத் தீர்க்காமல் எந்தக் கரைசலையும் அளக்காதீர்கள். தூய நீரில் 72 வராத நாளில் எடுத்த மற்ற எண்கள் எதற்கும் பொருள் கிடையாது.

தகடு சற்றே நனையாமல் போனாலும் போதும். சேர்கோணம் (நீரின் பரப்பு தகட்டோடு சேரும் கோணம்) சுழியாக இருக்கும் என்று வைத்துத்தான் கணக்கு. 24 டிகிரி கோணம் இருந்தாலே 72 என்பது 66 ஆகிவிடும். அந்தக் கோணம் கண்ணுக்கு நன்றாக நனைந்தது போலவே தெரியும் என்பதுதான் சங்கடம்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. தகட்டைத் தொங்கவிட்டபடி பத்து நிமிடம் பாருங்கள். அளவு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் நீரில் அழுக்கு இருக்கிறது, அது பரப்புக்கு வந்து சேர்கிறது. 66இல் அசையாமல் நின்றால் சந்தேகம் தகட்டின் மேல். அடுத்து, சுத்தமான கண்ணாடித் துளிப்பானை உறிஞ்சு பம்பில் மாட்டி, அதன் முனையால் நீரின் மேற்பரப்பை மட்டும் மேய்ந்து உறிஞ்சுங்கள். அளவு ஏறினால் குற்றவாளி பரப்பில் இருந்த படலம். அழுக்குப் படிந்த பரப்பும் சுத்தமான பரப்பும் எப்படி வேறுபடுகின்றன என்பதைத் தன் வீட்டுத் தொட்டியிலேயே கண்டுபிடித்தவர் ஆக்னஸ் பொக்கல்ஸ். நீர்ப்பரப்பின் குறுக்கே தகரப் பட்டையை நகர்த்தி அழுக்கை ஒதுக்கும் உத்தி அவருடையது. இதைப் பற்றி இயற்பியலாளர் லார்ட் ரேலீக்கு அவர் எழுதிய கடிதம், ரேலீயின் முயற்சியால் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

பிளாட்டினத் தகட்டை வடிநீரிலும் பிறகு எத்தனாலிலும் அலசி, ஈரம் போனபின் நீலச்சுடரில் சில நொடி சிவக்கக் காட்டுங்கள். மஞ்சள் சுடர் கரியைப் படியவைக்கும். ஆறிய பின்பே நீரில் இறக்க வேண்டும். தகட்டையோ பீக்கரின் உட்புறத்தையோ விரலால் தொட்டால் தோலின் எண்ணெய் போதும், மறுபடி முதலிலிருந்துதான். கண்ணாடியைச் சோப்புத்தூளால் கழுவாதீர்கள், நீங்கள் அளக்கப்போகும் வகைப் பொருளையே அது விட்டுச்செல்லும். எத்தனால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பத்து நிமிடம், பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு ஏராளமான வடிநீர். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். காரத்தில் நெடுநேரம் ஊறவிட்டால் கண்ணாடி அரிக்கும். பழைய செய்முறை நூல்களில் வரும் குரோமிக் அமிலத்தை விட்டுவிடுங்கள். அது புற்றுநோய் உண்டாக்கும், குரோமியமும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

நீரைச் சோதிக்க: சுத்தமான மூடி போட்ட குடுவையில் பாதியளவு நீர் எடுத்து வேகமாகக் குலுக்குங்கள். குமிழிகள் உடனே மறைய வேண்டும். ஓரத்தில் இரண்டு மூன்று நொடி தங்கினால் அந்த நீர் ஆகாது. அயனி நீக்கிய நீர் என்பதால் மட்டும் தூய்மை என்று எண்ண வேண்டாம். பிசின் உருளையிலிருந்தே கரிமப் பொருள் கசியும், மின்கடத்துத்திறன் அளவி அதைக் காட்டாது. பிளாஸ்டிக் கழுவு புட்டியும் அப்படியே.

கேள்வி: எஸ்.டி.எஸ். வரைபடத்தில் 8 மில்லிமோலாருக்குச் சற்று முன் ஒரு பள்ளம் விழுந்து பிறகு ஏறுகிறது. பள்ளத்தின் அடிதான் மைசெல் (மூலக்கூறுகள் நீருக்குள் திரளும் கொத்து) தொடங்கும் செறிவா?

பதில்: இல்லை. தூய எஸ்.டி.எஸ்.ஸில் பள்ளமே வராது. சரிந்து வந்து, சுமார் 8.2 மில்லிமோலாரில் முறிந்து, ஏறத்தாழ 39 அலகில் படுத்துவிடும். பள்ளம் டோடெக்கனாலின் கைவரிசை. எஸ்.டி.எஸ். தயாரிப்பில் மிஞ்சும் ஆல்கஹால் இது. கரைசலை வைத்திருந்தால் நீராற்பகுப்பில் புதிதாகவும் உண்டாகும். எஸ்.டி.எஸ்.ஸைவிட இதற்குப் பரப்பின் மேல் நாட்டம் மிக அதிகம் என்பதால், மிகச் சிறு அளவே இழுவிசையைக் கூடுதலாக இறக்கிவிடுகிறது. மைசெல்கள் தோன்றியதும் அவை டோடெக்கனாலைத் தமக்குள் கரைத்து இழுத்துக்கொள்ளும். பரப்பு அதை இழக்க, இழுவிசை மறுபடி ஏறும்.

சூடான எத்தனாலில் கரைத்து, குளிரவைத்து, படிகமாக்கி வடிகட்டுங்கள். பள்ளம் மறையும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். புட்டியில் 99 சதவீதம் என்று எழுதியிருப்பதை வைத்துத் திருப்தியடையாதீர்கள். மிஞ்சிய ஒரு சதவீதம் என்ன என்பதுதான் இங்கே கேள்வி. கரைசலை அன்றன்றைக்கே தயாரித்து அன்றே முடித்துவிடுங்கள். முறிவுப்புள்ளியை மின்கடத்துத்திறன் வரைபடத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள், டோடெக்கனால் அதை அவ்வளவாகக் குழப்பாது.

கேள்வி: பரப்பில் எவ்வளவு பொருள் சேர்கிறது என்பதை இழுவிசை வரைபடத்தின் சரிவிலிருந்து தரும் கிப்ஸ் சமன்பாட்டில் ஒரு மூலக்கூறுக்கான பரப்பு 0.26 சதுர நானோமீட்டர் என்று வருகிறது. நூல்களில் இரண்டு மடங்கு இருக்கிறதே?

பதில்: அந்த இரண்டைத்தான் விட்டுவிட்டீர்கள். எஸ்.டி.எஸ். அயனியாகப் பிரிவது. உப்பு சேர்க்காத நீரில் டோடெசைல் சல்பேட்டோடு சோடியமும் பரப்புக்கு வருவதால், சமன்பாட்டின் பகுதியில் (கீழே வகுக்கும் எண்ணில்) 2 வர வேண்டும். முறிவுக்குச் சற்று முன் சரிவு, செறிவு பத்து மடங்காகும்போது 36 அலகு என்று வைத்துக்கொள்வோம். 0.036ஐ 2 × 2.303 × 8.314 × 298ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஒரு மோலில் பத்து லட்சத்தில் 3.15 பங்கு. இதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கித் தலைகீழாக்கினால் 0.53 சதுர நானோமீட்டர். அயனியாகாத சர்ஃபாக்டன்ட்டுக்கும், எஸ்.டி.எஸ்.ஸோடு மிகையாகச் சோடியம் உப்பு சேர்த்திருந்தாலும் 2க்குப் பதில் 1. சரிவை எடுக்கும்போது பள்ளம் உள்ள வரைபடத்தைப் பயன்படுத்தாதீர்கள், அந்தச் சரிவில் ஒரு பங்கு டோடெக்கனாலுடையது.

கேள்வி: பள்ளியில் நுண்புழைக் குழாய்தான் இருக்கிறது. அதில் சோப்புக் கரைசலை அளக்கலாமா?

பதில்: நீர், ஆல்கஹால் கலந்த நீர், உப்புக் கரைசல் இவற்றுக்கு மிக நல்ல முறை. 0.25 மி.மீ. ஆரமுள்ள குழாயில் தூய நீர் 59 மி.மீ. ஏறும். குழாயை முதலில் ஆழமாக அமிழ்த்தி, மட்டத்தை உயர்த்திப் பிறகு இறங்கவிட்டு அளந்தால் சுவர் ஏற்கனவே நனைந்திருக்கும். பிறைத்தளத்தின் அடிப்பகுதியைப் படியுங்கள். சோப்புக் கரைசலுக்கு மட்டும் வேண்டாம். அந்தக் குழாயில் ஒரு மில்லி கரைசலுக்கு 80 சதுர செ.மீ. கண்ணாடிச் சுவர் இருக்கிறது. நீர்த்த கரைசலில் சர்ஃபாக்டன்ட்டின் ஒரு பங்கைச் சுவரே எடுத்துக்கொள்ளலாம். சீட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு போன்ற நேர்மின் சுமை உள்ளவை இன்னும் மோசம். அவை எதிர்மின் சுமையுள்ள கண்ணாடியில் தலைவைத்து ஒட்டி, வாலை வெளியே நீட்டி, சுவரை நீர் ஒட்டாததாக மாற்றிவிடும். ஏற்றம் குறைவது இழுவிசையாலா சேர்கோணத்தாலா என்று பிரிக்கவே முடியாது.

கேள்வி: தெளிப்புக் கரைசலில் இழுவிசை 30 அலகுதான். ஆனாலும் துளிகள் இலையிலிருந்து தெறித்து ஓடுகின்றன. ஏன்?

பதில்: 30 என்பது பரப்பு சில நிமிடம் ஓய்ந்திருந்தபின் கிடைத்த எண். தெளிப்பானிலிருந்து புறப்பட்ட துளி ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் இலையை அடைகிறது. அதற்குள் சர்ஃபாக்டன்ட் பரப்புக்கு வந்து சேராது. அந்தக் கணத்தில் துளியின் இழுவிசை நீருக்கு நெருக்கமாகவே இருக்கும். உங்களுக்கு வேண்டியது உச்சக் குமிழி அழுத்த முறை. நுண்குழாய் வழியாகக் கரைசலுக்குள் காற்றுக்குமிழிகளை விட்டு, ஒவ்வொரு குமிழியும் அரைக்கோளமாகும்போது வரும் உச்ச அழுத்தத்தை அளக்க வேண்டும். 0.2 மி.மீ. ஆரத்தில் தூய நீருக்கு 720 பாஸ்கல். இதில் முனை அமிழ்ந்திருக்கும் ஆழத்தின் நீரழுத்தம் சேராது, அதைக் கழித்துவிட வேண்டும். ஒரு செ.மீ. ஆழம் கிட்டத்தட்ட 98 பாஸ்கல் என்பதால் ஆழத்தை அரை மில்லிமீட்டர் துல்லியத்துக்காவது அளந்துகொள்ளுங்கள். காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பரப்பின் வயதை மாற்றலாம். ஒரு நொடி, அரை நொடி, பத்தில் ஒரு நொடி என்று இறங்கிக்கொண்டே வந்து, இழுவிசை எங்கே ஏறத் தொடங்குகிறது என்று பாருங்கள். பெரிய மூலக்கூறுகளைவிடச் சிறியவை வேகமாக வந்து சேரும். செறிவைக் கூட்டுவதும் உதவும்.

கேள்வி: உப்பு கரைத்தால் நீரின் பரப்பு இழுவிசை கூடும் என்கிறார்கள். எனக்குக் குறைகிறதே?

பதில்: கூடத்தான் வேண்டும். ஒரு மோலார் சோடியம் குளோரைடுக்கு சுமார் 1.6 அலகு ஏறி, 25 டிகிரியில் 73.6 வர வேண்டும். உங்கள் உப்போடு கரிம அழுக்கும் வந்திருக்கிறது. ஒரு லிட்டருக்கு 58 கிராம் போடும்போது, உப்பில் மிகச் சொற்பமாக இருந்த அழுக்கும் பரப்பை மூடப் போதுமானது. ஆய்வகத் தர உப்பையே பீங்கான் கிண்ணத்தில் வைத்து மஃபிள் உலையில் 500–600 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு எடுங்கள். உப்பு 801 டிகிரியில்தான் உருகும், கரிமப் பொருள் அதற்கு வெகு முன்பே எரிந்துவிடும். எஸ்.டி.எஸ். கரைசலில் சேர்க்கப்போகும் உப்பையும் இப்படியே சுட்டுக்கொள்ளுங்கள்.